மருந்தை எடுப்பதா, சாப்பிடுவதா?

தென்காசியை அடுத்துள்ள ஊர், குத்துக்கல்வலசை. செங்குத்தாக நிற்கும் கல், குத்துக்கல். குடிபெயர்ந்து செல்வது, வலசை. ஊர்ப் பெயரிலேயே ஒரு மொழிப் பாடம் இருக்கிறது!

"குத்து" சின்னச் சொல்தான். ஆனால் அது செய்யும் வேலைகள் பல. முள் குத்தும்; நெல்லைக் குத்துவார்கள்; குழந்தைக்குக் காது குத்துவார்கள்; தபாலில் முத்திரை குத்துவார்கள். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும். முள்ளுக்கு "பிரிக்", காதுக்கு "பியர்ஸ்", முத்திரைக்கு "ஸ்டாம்ப்".

பல வேலைக்காரன்

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பல வேலைக்காரன் உண்டு. அதுதான் "டேக்". "எடு" என்பது பள்ளியில் சொல்லித் தரும் பொருள். அது மட்டும் போதாது.

டேக் எ பஸ் – பஸ்ஸில் போ.
டேக் எ போட்டோ – படம் பிடி.
டேக் எ சீட் – உட்கார்.
டேக் எ பாத் – குளி.

"இட் டேக்ஸ் டைம்" என்றால், "நேரம் பிடிக்கும்" என்று பொருள்.

நேற்று நடந்ததைச் சொல்லும்போது "டேக்", "டுக்" ஆகிவிடும். அவன், அவள் என்று ஒருவரைப் பற்றி இன்று சொன்னால் "டேக்ஸ்".

சீனருக்கும் அதே தொல்லை

தமிழர் மருந்து "சாப்பிடுகிறார்கள்". சீனரும் தங்கள் மொழியில் அப்படியே சொல்கிறார்கள். அதனால் ஆங்கிலம் பயிலும் சீனர், "ஈட் மெடிசின்" என்று சொல்லிவிடுவது உண்டு. தமிழ் மாணவரும் அங்கேதான் இடறுகிறார். ஆங்கிலேயருக்கு அது "டேக் மெடிசின்".

இது பரீட்சை மார்க்கோடு முடிகிற விஷயம் அல்ல. பாட்டியின் மருந்து டப்பாவைப் பேரன் படித்துச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "டேக்" என்று இருந்தால், உட்கொள்ள வேண்டும். "அப்ளை" என்று இருந்தால், மேலே தடவ வேண்டும். மாற்றிச் சொன்னால் ஆபத்து! சந்தேகம் வந்தால் மருந்துக் கடைக்காரரைக் கேட்டுவிடுவதே நல்லது.

வலசை வந்த சொல்

"டேக்" பிறவியிலேயே ஆங்கிலச் சொல் அல்ல. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன், வடகடல் தாண்டி இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங் மக்களோடு வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர் "நிமன்" என்றார்கள். வந்த சொல் நிலைத்தது. இருந்த சொல் மறைந்தது.

ஆகவே, சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பஸ், மருந்து, படம் என்று அதன் துணையோடு சேர்த்துப் படியுங்கள். அப்போதுதான் அது குத்துக்கல் போல் மனதில் நிற்கும்!