பால் பொங்கிய பிறகு

சுபாங் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு மின்னடுப்பில், பால் பொங்கிவரும் தறுவாயில் விசையை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் திரும்பிய என் முதுகுக்குப் பின்னாலேயே அது வழிந்தோடியது; மின்சாரம் நின்றாலும் தட்டில் தங்கியிருந்த உஷ்ணம் நிற்கவில்லை. அணு உலையின் சுபாவமும் இதுவே. பிளவை நிறுத்திய மறுகணத்திலும், முழுச் சக்தியில் ஏறக்குறைய 6 சதவீதம் வெப்பமாக எஞ்சி நின்று மெல்லத்தான் தணிகிறது. ஆகவே, நிதானமாக ஓடும் உலையைப் பார்த்து அதன் குணத்தை அறிய இயலாது. பம்பு நின்றோ, கட்டுப்பாட்டுக் கோல் சட்டென வெளியேறியோ அது நிலைகுலையும் அந்தச் சில நொடிகளில்தான் குணம் வெளிப்படுகிறது.

அந்த நொடிகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பவர்கள், உலையைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நியூட்ரான் எத்தனை, எரிபொருளின் சூடு எவ்வளவு, நீரின் வேகம் என்ன என்று, ஒன்று மற்றொன்றை மாற்ற மாற்ற, விடாது கணக்கிடுகிறார்கள். நமக்கு அருகே பாங்கியில், 1982 ஜூன் 28 அன்று முதன்முதலாகத் தொடர்வினை கண்ட 1 மெகாவாட் உலையை, டிரைகா என்னும் வகையைச் சேர்ந்ததை, எடுத்துக்கொள்வோம். அதன் எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடு கலந்திருக்கிறது; சூடு ஏறினால், நியூட்ரான்களை நிதானப்படுத்த வேண்டிய ஹைட்ரஜன் அணுக்களே துள்ளி அவற்றுக்கு வேகம் கொடுத்துவிட, பிளவு தானாகவே குறைந்துபோகிறது. எவர் கையும் படாமல் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்த யந்திரத்தின் அடக்கம் எத்தனை வேகமானது என்பதைக் கணக்கு சரியாகச் சொல்ல வேண்டும்.

சொல்கிறது என்பதற்குப் பிரமாணம் என்ன? 1986 ஏப்ரல் 3 அன்று, அமெரிக்காவின் ஐடஹோவில், சோடியத்தால் குளிரூட்டப்படும் ஈபிஆர்-2 என்னும் உலையை முழுச் சக்தியில் ஓடவிட்டு, பம்புகளை நிறுத்தி, கோல்கள் விழாதவாறும் தடுத்துவைத்தார்கள். உலையின் நடுப்பகுதி சூட்டில் விரிந்தது, நியூட்ரான்கள் கசிந்தன, சில நிமிஷங்களில் சக்தி தானே அடங்கிற்று. செர்னோபில் விபத்து நேர்ந்தது அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் என்பதை நினைத்தால் இன்றும் மனம் திடுக்கிடுகிறது. கால் நூற்றாண்டுக்குப் பின், சர்வதேச அணுசக்தி முகமை அந்தப் பரீட்சையையே பல தேசத்தாருக்குக் கணக்காகக் கொடுத்தது. எங்கள் தமிழ்நாட்டுக் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தாரும் அதில் பங்கு கொண்டார்கள். முதற்கட்டத்தில், உலையில் அளந்த அளவுகள் பங்கேற்றவர்களுக்குக் காட்டப்படாமல் மறைத்துவைக்கப்பட்டன என்பதே, என் எண்ணத்தில், அதன் விசேஷம். விடையைப் பார்த்தபடி எண்களைத் திருகினால் எந்தக் கணக்கும் பொருந்திவிடும். நடந்து முடிந்த கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர் தவறுவதேயில்லை.

அளவுக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டிரைகா உலைகள் சிலவற்றில், கோலைக் காற்றழுத்தத்தால் வேண்டுமென்றே வெளியே எறிந்து பார்ப்பதுண்டு. சக்தி சீறி எழுந்து, ஒரு நொடியின் நூற்றில் சில பங்குக்குள் விழுந்துவிடும். எரிபொருளுக்குள் புதைத்த வெப்பமானியோ, அந்த உச்சியெல்லாம் கடந்து முடிந்த பிறகுதான் தன் உச்சியைக் காட்டும். ஆதலால், உலையோடு ஒப்பிட வருகிறவர் அந்த வெப்பமானியின் மந்தத்தையும் சேர்த்தே கணக்கில் எழுதிக்கொள்கிறார்.