பழஞ்சேலையில் போர்வை தைப்போம்

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் றங்குப்பெட்டியைத் திறந்தால் அடியிலிருந்து மேல்வரை துணிதான் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் அடங்கிவிடும். மீதி இடம் முழுவதும் சேலை, சாரம், சட்டை, பிள்ளைகளின் சின்னஞ்சிறு உடுப்புகள். ஓடும்போது தூக்கக்கூடியதாக இருந்தது அதுதான். மூட்டை கட்டியதும் துணியில், இரவு மரத்தின் கீழ் விரித்ததும் துணி, கைக்குழந்தைக்கு ஏணை கட்டியதும் தாயின் சேலையில்.

கரவெட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது இவ்வூர் மக்களே வீடுகளை விட்டு ஓடினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஓரிரவில் எழுந்து புறப்பட்டபோது, தென்மராட்சியும் வடமராட்சியும் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன. 1990ல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில், தோட்டக்காணி முழுவதும் இன்னும் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். 2009ல் வன்னியின் கடைசி மாதங்களில், கூறைச்சேலையைக்கூடப் பையாகத் தைத்து மண் நிரப்பிப் பங்கரைச் சுற்றி அடுக்கிய பெண்கள் பலர். அந்தக் கைகளுக்கு ஊசி பிடிக்க நாம் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது. அவர்களையும், தையலுக்கே புதியவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

பழைய துணிகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது உலகின் பல பாகங்களில் ஏழை வீடுகளின் வேலை. வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய நிற நூலாலேயே தைத்துவிடுவார்கள். துணிக்கும் நூலுக்கும் காசு இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. நாமும் அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு சேலை சுமார் 6 யார் நீளம், 45 அங்குல அகலம். நீளவாட்டில் அதை மூன்றாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் 2 யார், அதாவது 6 அடி. ஆக, ஒரே சேலை மூன்று படையாகி, ஒருவர் தாராளமாகப் போர்த்துப் படுக்கும் போர்வையாகிறது. வெட்டவே தேவையில்லை. மாரி மழையிலும் மார்கழி, தை மாதப் பனியிலும் சீமெந்து நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைக்கு, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சேலைகள் போதும். கடையில் விற்கும் மினுமினுப்பான போர்வை வியர்வையை உறிஞ்சாது. பழைய நூற்சேலை உறிஞ்சும்.

நூற்சேலை என்பதை அழுத்திச் சொல்கிறோம். நைலெக்ஸ் சேலைகள் நம் தாய்மாரின் பெட்டிகளில் நிறைய உண்டு. அவை கிழியாது, நைந்து போகாது; ஆனால் உடம்புக்கு இதமில்லை, அடுப்பங்கரையில் ஆபத்து. எது எதுவென்று தெரியாவிட்டால் கரையிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி நூல் கடதாசி எரிவதுபோல மணந்து சாம்பலாகும். நைலோன் உருகிச் சுருண்டு கட்டியாகும். இதைப் பெரியவர்கள்தான் செய்யவேண்டும்.

துணியைத் தைப்பதற்கு முன் துவைத்துக் காயவையுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் போகும் நிறங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அவற்றைத் தனியே ஊறவைத்து அலசுங்கள். பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சல்லடைபோலத் தெரியும் இடம் தையலைத் தாங்காது. சேலையில் மடிப்புக் கொசுவும் இடமும் உட்காரும் இடமும்தான் முதலில் நைந்து போகும். தலைப்பும் கரையும் பல வருடம் பலமாக இருக்கும். நைந்த பகுதி நடுப்படையில் போகட்டும், பலமானது வெளியே வரட்டும்.

தையல் என்று நாம் சொல்வது ஒரே ஒரு தையலைத்தான். ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிக்கொண்டு போவது. பாய் இழைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிய விடயமே அல்ல. ஓலை ஒன்றன்மேல் ஏறி அடுத்ததன் கீழ் போவதுபோலத்தான் ஊசியும். அளவுநாடா இல்லையே என்று தயங்கவேண்டாம். ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி நீளம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே இரண்டு விரல் அகலம். நூலின் நீளம் தோளிலிருந்து விரல்நுனி வரை. அதைவிட நீண்டால் சிக்கும், முறுகும், பிள்ளை அழும். முடிச்சு படைகளுக்கு நடுவில் மறையட்டும். நூல் முடியும் இடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முறை குத்தி இழுத்துவிட்டால் அவிழாது.

நூல் ஊசிக்காதுக்குள் போகாவிட்டால் எச்சில் தொடுவது நம் வழக்கம். நுனியைச் சரிவாக வெட்டினால் அதைவிட எளிது. காய்ந்த சவர்க்காரத் துண்டில் ஊசியைக் குத்தி எடுத்தால் தடித்த துணியிலும் வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டின் விளிம்பால் துணியில் கோடு கீறலாம், துவைக்கும்போது போய்விடும். ஊசி குத்திவைக்கும் பஞ்சணைக்குள், சீப்பில் கழியும் தலைமயிரை அடையுங்கள். அதிலுள்ள எண்ணெய்ப்பசை ஊசியைத் துருப்பிடிக்க விடாது.

இனி எதைத் தைப்பது? எடுத்தவுடன் போர்வையில் கைவைக்க வேண்டாம். பாதியில் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடுவீர்கள். பானை பிடிக்கும் துணியில் தொடங்குங்கள். பழைய சாரத்தில் ஒரு சாண் சதுரமாக நான்கு துண்டுகள், எல்லாம் நூல் துணி. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, பிறகு குறுக்கும் நெடுக்குமாக வரி ஓட்டுங்கள். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும், அடுத்தநாள் காலையிலேயே புட்டுப் பானையை இறக்க உதவும். அடுத்தது பிள்ளை இருந்து படிக்க ஒரு தடுக்கு. இரண்டு சாண் சதுரம், ஐந்தாறு படை. மேற்படைக்குப் பல நிறத் துண்டுகளைப் பொருத்தலாம். நெல்லியடிப் பக்கம் போகும்போது தையற்கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். எறியப் போகும் துண்டைத் தர மறுப்பவர்கள் குறைவு. மூன்றாவதாகக் கைக்குழந்தையைச் சுற்றும் துணி. ஒரு யார் சதுரம், மூன்று படை, மிக மெல்லிய நூற்சேலையில். இதில் மட்டும் பொத்தானோ மணியோ தைக்கவேண்டாம், குழந்தை கடித்து விழுங்கிவிடும். இவை மூன்றும் முடிந்த கைக்குப் போர்வை பெரிய வேலையாகத் தெரியாது.

போர்வையில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: படைகள் நகர்ந்து நடுவில் புடைத்துக்கொள்வது. நிலத்தைக் கூட்டித் துடைத்து, சேலையை விரித்து, நான்கு மூலையிலும் பாரம் வையுங்கள். அம்மிக் குழவியும் உதவும். நடுவிலிருந்து வெளிநோக்கி உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் எடுத்து, நடுவிலிருந்தே நான்கு திசைக்கும் நீண்ட தையலாக நூலோட்டி வையுங்கள். முழுவதும் தைத்து முடிந்தபின் அந்த நூலை உருவிவிடலாம்.

நேர்மாறாகச் செய்பவர்களும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி எனப்படும் மக்கள் வாழ்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை ஒரு மூலையில் தொடங்கும். ஓரம் ஓரமாகச் சுற்றிச் சுற்றி, துண்டுகளை ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவில் முடியும். நான்கு மூலையிலும் துணியை மடித்துச் சின்னப் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு உடுப்பில்லாத ஆள் மாதிரி. துண்டுகள் சமனாக இல்லாவிட்டாலும் அந்த முறையில் அழகு கெடுவதில்லை. அளவெடுத்து வெட்டப் பொறுமையில்லாதவர்களுக்கு அதையே நாம் சொல்வோம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு முதலில் துணி கொடுக்காதீர்கள். சாக்குத்துண்டும், சாக்குத் தைக்கும் மொட்டை ஊசியும், தடித்த நூலும் கொடுங்கள். சாக்கின் கண்கள் பெரியவை, ஊசி எங்கே போய் எங்கே வருகிறதென்று தெரியும். பிறகு மெல்லிய ஊசிக்கு வரலாம். தொடங்கும்போது ஊசிகளை எண்ணிக் கொடுங்கள், முடியும்போது எண்ணி வாங்குங்கள். பாயில் விழுந்த ஊசியைத் தேடப் பழைய வானொலிப் பெட்டியின் காந்தம் நல்லது. பிள்ளையின் தையல் கோணலாகத்தான் வரும். அதை அவிழ்த்து நீங்கள் திருத்தித் தைத்தால், அந்தப் பிள்ளை அடுத்தநாள் வராது.

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எவராவது சொன்னால், வெங்காயச் சாக்கின் வாயைத் தைக்காத கமக்காரன் எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். பருத்தித்துறைக் கரையில் வலை பொத்துவதும் ஆண்கள்தானே.

இப்போது சற்றுப் பாரமான விடயம். எந்தத் துணியை எடுப்பது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்ற கிராமம் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள், பருத்தித் தோட்டங்களில் குத்தகைக்குப் பாடுபட்ட கறுப்பின விவசாயிகள் வாழும் இடம். அங்கே 1942ல் மிசூரி பெற்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவர் வயலில் உடுத்த உடுப்புகளைப் பிரித்துப் போர்வையாகத் தைத்தார். முழங்காலில் வெளிறிய காற்சட்டைத் துணியின் நிறம் அதில் அப்படியே தெரியும். 2002ல் அக்கிராமத்துப் போர்வைகள் பெரிய அரும்பொருட்காட்சியகங்களில் தொங்கின. 2006ல் அந்நாட்டுத் தபால்முத்திரைகளிலும் அச்சாயின. வலிகாமத்துத் தோட்டச் சாரத்தில் படிந்த செம்மண் நிறம் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாதென்று நம் வாசகர்களுக்குத் தெரியும். அந்தச் சாரத்தைக் கறை என்று ஒதுக்கவேண்டாம். போர்வையின் மேற்படையில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். அந்தக் காணியைக் காணாமலே வளர்ந்த பேரப்பிள்ளை இது என்ன நிறம் என்று கேட்கும்.

ஆனால் மிசூரி பெற்வேக்குத் தன் கணவர் இறந்தது தெரியும். நம்மிடையே பல வீடுகளில் அது தெரியாது. பிடித்துச் செல்லப்பட்ட, கையளிக்கப்பட்ட, திரும்பி வராத மகனின் சட்டையை மடித்து வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். வருவான் என்று காத்திருக்கும் வீட்டில் அந்தச் சட்டை வெட்டும் துணி அல்ல. தையல் வகுப்பு நடத்துவோர், பழைய உடுப்பு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்று பொதுவாகச் சொல்லாதிருப்பது நல்லது. எதைக் கொண்டுவருவது, எதைப் பெட்டியில் விடுவது என்பதை அந்தந்த வீடு தீர்மானிக்கட்டும்.

விற்கலாமா என்று கேட்பீர்கள். ஜீஸ் பென்ட் அமைந்துள்ள வில்கொக்ஸ் மாவட்டத்துப் பெண்கள் 1966ல், பிரான்சிஸ் வால்ட்டர் என்ற குருவானவரின் துணையுடன் ஒரு தையற் கூட்டுறவைத் தொடங்கி, நியூயோர்க்கில் ஏலத்தில் போர்வைகளை விற்றார்கள். வாக்காளராகப் பதிந்த குற்றத்துக்காக நில உடைமையாளர்களால் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அப்போது அங்கே இருந்தன. கூட்டுறவு 23 ஏக்கர் வாங்கி, அத்தகைய சிலருக்கு வீடு கட்ட அதிலிருந்து நிலம் விற்றது. போர்வை காணியாக மாறிய கதை அது, நமக்கு ஆசையூட்டும் கதைதான். ஆனாலும் கணக்குப் பாருங்கள். 45 அங்குல அகலத்தில் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு வரியென்றால் சுமார் 30 வரி. ஒவ்வொன்றும் 6 அடி. மொத்தம் 180 அடி கைத்தையல். இரட்டை நூலென்றால் 130 யார் அளவில் வேண்டும். நூல்கட்டையில் எழுதியிருக்கும் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். இவ்வளவு வேலைக்குச் சந்தையில் யார் என்ன விலை தருவார் என்று தெரியாமல், கடன் எடுத்துப் புதுத்துணி வாங்கித் தைக்க வேண்டாம். அந்தப் பெண்களுக்கும் தூரத்து நகரில் வாங்குபவரைத் தேடிக்கொடுக்க ஆள் இருந்தது. முதல் போர்வையில் உங்கள் பிள்ளை படுக்கட்டும். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு திண்ணையில் விரித்துத் தைத்தால் 30 வரியும் சில பின்னேரங்களில் முடியும். கதையும் நடக்கும்.

தைத்து முடிந்த போர்வையைக் கல்லில் அடித்துத் துவைக்காதீர்கள், தையல் அறும். பெரிய பாத்திரத்தில் ஊறவைத்துக் காலால் மிதித்து அலசி, முறுக்காமல் பிழியுங்கள். நனைந்த போர்வை பாரமானது, ஒற்றைக் கொடியில் போட்டால் நடு இழுபடும். இரண்டு கொடிகளில் பரவலாகப் போடுங்கள், நிறத்துண்டுகள் வெயிலுக்குப் படாமல் உட்பக்கம் மேலே இருக்கட்டும். மாரி வருமுன் ஒரு நாள் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையுடன் மடித்துப் பெட்டியின் மேல் வையுங்கள். அடியில் வைத்தால் அவசரத்துக்கு எடுக்க வராது.