ஜெபிக்க மறுத்த கவிஞர்

இங்கிலாந்தில் ஓல்னி என்று ஒரு சிற்றூர். 1773-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் நியூட்டன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவர் கவிஞர் வில்லியம் கூப்பர். வந்தவர் திரும்பிப் போனது அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான்!

இருவரும் சேர்ந்து கீர்த்தனைகள் எழுதிய நண்பர்கள். அந்த ஜனவரியில் கூப்பருக்குச் சித்தம் கலங்கியது. ஆண்டவர் தம்மைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். சர்ச்சுக்குப் போவதை விட்டார். ஜெபிக்கவும் மறுத்தார். அக்டோபரில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்.

தற்கொலை அன்று பாவம் மட்டுமல்ல, சட்டப்படி குற்றம். (அந்தச் சட்டம் 1961-ல்தான் மாறியது.) பாதிரியார் சீறி விழுந்திருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? நியூட்டன் சீறவில்லை. நண்பரை நோயாளியாகவே பார்த்தார். மனைவியும் அவருமாகப் பணிவிடை செய்தார்கள். கூப்பரால் சொல்ல முடியாத ஜெபத்தை அவருக்காக நியூட்டன் சொன்னார்.

தீர்ப்புச் சொல்லத் தமக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தாரோ, என்னவோ! ஒரு காலத்தில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் கேப்டன் அல்லவா அவர்?

ஜெபம் பலித்ததா? கூப்பர் ஓரளவு தேறினார். மூன்று முயல்கள் வளர்த்தார். அருமையான கவிதைகள் எழுதினார். ஆனால் சர்ச் வழிபாட்டுக்குப் போகவே இல்லை. நியூட்டனின் கண்டிப்பான உபதேசம்தான் நோயை முற்றவைத்தது என்று பழித்தவர்களும் உண்டு. நியூட்டன் 1780-ல் லண்டனுக்குப் போய்விட்டார். கடிதங்கள் தொடர்ந்தன.

1800-ல் கூப்பர் காலமானார். கடைசிவரை அவர் மனம் ஆறவில்லை. அவருக்காக இரங்கல் பிரசங்கம் செய்ய மேடை ஏறியவர், 74 வயது நியூட்டன்.