பயிற்றுமொழியும் உயர்கல்வியும்

நங்கநல்லூரில் நமக்கு அறிமுகமான மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் பயின்று கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்; பொறியியல் கல்லூரியின் முதற்பருவத்தில் அதே பாடத்தில் தோல்வியுற்றார். வினாத்தாளைத் தமிழில் பெயர்த்துச் சொன்னோம். பல கணக்குகளுக்குத் தாமே விடை கண்டார். அறிவிலன்று, மொழியிலேதான் இடர்ப்பாடு.

அன்றாட உரையாடலுக்கான மொழித்திறன் வேறு, பாடநூலுக்கான மொழித்திறன் வேறு என 1979இல் பகுத்துரைத்தார் கனடாவின் ஜிம் கம்மின்ஸ். புலம்பெயர்ந்த குழந்தைகளுக்கு முன்னது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வாய்க்கும். பின்னதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வேண்டும் என்பது அவர் ஆய்வு. நான்காண்டுப் பட்டப்படிப்போ அதுவரை காத்திராது.

ஆயினும், தாய்மொழியில் தெளிந்த கருத்து புதுமொழிக்கும் துணைவரும் என்றும் அவர் கூறுகிறார். அரபுக் கல்லூரியில் நாம் கண்டதும் இதுவே. தமிழில் எழுவாய், பயனிலையை நன்கறிந்த மாணவர், நஹ்வுப் பாடத்தில் முப்ததா, கபரை விரைந்து உணர்கிறார்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆங்கில வழியில் சேர்வோருக்கும் முதலாண்டிலேனும் கலைச்சொற்களை இருமொழியிலும் விளக்குதல் வேண்டும். மொழித் தடுமாற்றத்தை மந்தபுத்தி என முடிவுகட்டுவது, ஆசிரியராகிய நாம் மாணவருக்கு இழைக்கும் அநீதியாகும்.