சர்க்கரை நோயும் கண்ணும்: மரபணுச் சோதனையை நம்பலாமா?

சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருடமான இருவருக்கு ரத்தச் சர்க்கரை அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், ஒருவருக்கு விழித்திரையில் ரத்தம் கசியலாம், மற்றவருக்குப் பழுதில்லாமல் இருக்கலாம். இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் மரபணுவில் முன்னறிகுறி தேடுகிறார்கள். புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்துக்கான மரபணுவும், குளுக்கோஸை சார்பிட்டாலாக மாற்றும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதிக்கான மரபணுவும் நெடுநாளாக ஆராயப்படுகின்றன.

ஆனால் ஓர் ஆய்வில் தெரிந்த தொடர்பு, வேறொரு மக்களிடம் சோதித்தபோது பலமுறை காணாமல் போயிருக்கிறது. கண் பரிசோதனைக்குப் பதிலாக மரபணுச் சோதனை போதும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் இன்றுவரை சொல்லவில்லை.

ஆபத்து எங்கே?

'ரிஸ்க் குறைவு' என்று வந்த ரிப்போர்ட்டை நம்பிக் கண் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுவதில்தான். இந்த விழித்திரைப் பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் புடைத்து, விழித்திரைப் படத்தில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அதைக் கண் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

என்ன செய்யலாம்?

டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனேயும், டைப் 1 என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு வருடம் ஒருமுறை, அல்லது டாக்டர் சொல்லும் இடைவெளியில். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். பரிசோதனையின்போது கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்று வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பலன் நிரூபணமானது. டைப் 1 நோயாளிகளிடம் நடந்து 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், விழித்திரைப் பாதிப்பு இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு அது உருவாகும் வாய்ப்பு தீவிரக் கட்டுப்பாட்டால் 76 சதவீதம் குறைந்தது. பாதிப்பு முற்றினால் லேசர், கண்ணுக்குள் ஊசி, அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. ஆனாலும் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

உங்கள் உரிமைகள்

மரபணுச் சோதனைக்கு ரத்தமோ எச்சிலோ கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த முடிவால் என் சிகிச்சை மாறுமா? மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? என் தகவலை யாருக்குத் தருவீர்கள்? பதில் எழுத்தில் வராவிட்டால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மரபணுக் கோளாறைக் காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 மார்ச்சில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் சர்க்கரை நோயையே மறைத்து பாலிசி எடுத்திருந்தால் இது கைகொடுக்காது. 'ஒரே சோதனையில் கண் நோய்க்கு முற்றுப்புள்ளி' போன்ற விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

மரபணு ஆராய்ச்சி நாளை பலன் தரலாம். இன்று உங்கள் பார்வையைக் காப்பது வருடாந்திர விழித்திரைப் பரிசோதனைதான். இந்த வருடம் இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே தேதி வாங்குங்கள்.