பொத்தான் உலகம் – 14: எண் மட்டுமே தொடரும் தொடர்

1987 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் 'ஃபைனல் ஃபேன்டஸி'யில் ஒரு வேடிக்கை உண்டு. திரையின் வலப்பக்கம் நான்கு வீரர்கள், இடப்பக்கம் பூதங்கள். யார் யாரை அடிப்பது என்று நால்வருக்கும் முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட வேண்டும். முதல் வீரனின் அடியிலேயே பூதம் செத்துப்போனால், அதே பூதத்தின் மேல் ஏவப்பட்ட அடுத்த வீரன் காற்றில் வாளை வீசுவான். பலனில்லை என்று திரையில் எழுத்து வரும். பக்கத்தில் இன்னொரு பூதம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தொட மாட்டான்! பிற்பாடு வந்த மறுபதிப்புகளில் இதைத் திருத்திவிட்டார்கள். ஆனால், எந்தப் பூதத்துக்கு எத்தனை அடி தேவை என்று கணக்குப் போடாமல் அன்று ஒரு சண்டையையும் ஒழுங்காக முடிக்க முடியாது.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஸ்கொயர் நிறுவனத்தின் ஹிரோனோபு சகாகுச்சி. அதற்கு முந்தைய ஆண்டு எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானையே கட்டிப்போட்டிருந்தது. பாத்திரமேற்று விளையாடும் 'ரோல் பிளேயிங்' ஆட்டங்களுக்கு வீட்டு டிவியில் இடம் உண்டு என்று நிரூபித்தது அதுதான். சகாகுச்சி அந்த வழியில் போனார். ஆட்டம் ஓடியது. இரண்டாம் பாகம் கேட்டார்கள்.

இங்கேதான் அவர் விசித்திரமான காரியம் ஒன்றைச் செய்தார். 1988இல் வந்த இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்தின் கதை இல்லை, ஆட்கள் இல்லை, உலகமும் இல்லை. விதிகளைக்கூட மாற்றினார்கள். எதிரிகளைக் கொன்று படிப்படியாக 'லெவல்' ஏறுவதற்குப் பதிலாக, எதைப் பயன்படுத்துகிறோமோ அது வளரும் என்று அகிதோஷி கவாசு ஒரு முறையை வகுத்தார். வாளை வீசினால் வாள் திறமை கூடும், அடி வாங்கினால் உயிர்ச்சக்தி கூடும். ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் அணியைத் தாங்களே அடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள்! மூன்றாம் பாகத்தில் அந்த முறையே காணாமல் போனது.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புது உலகம், ஒரு புது விதி. தொடர்ந்து வருபவை சில்லறை விஷயங்கள்தான். குதிரைக்குப் பதிலாக ஏறிச் செல்லும் 'சொகோபோ' என்ற மஞ்சள் பறவை, 'சிட்' என்ற பெயரில் வரும் ஒருவர் (ஒவ்வொரு முறையும் வேறு ஆள்), நோபுவோ உஎமட்சு முதல் பாகத்துக்கு அமைத்த இசையின் சில துணுக்குகள்.

1991இல் வந்த நான்காம் பாகத்தில் ஹிரோயுகி இட்டோ சண்டைக்குள் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அதுவரை சதுரங்கம்போல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். இப்போது பட்டியலைப் பார்த்து எந்த மந்திரம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுவான். ஒன்பதாம் பாகம் வரை இந்த முறை நீடித்தது. 2001இல் வந்த பத்தாம் பாகம் கடிகாரத்தை மறுபடி நிறுத்தியது. ஆகவே, இந்தத் தொடர் மெதுவிலிருந்து வேகத்துக்கு நேர்கோட்டில் நகர்ந்தது என்று சொல்வது சரியல்ல. ஒவ்வொரு பாகத்தையும் எடுத்தவர்கள் முந்தையவர்களோடு சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதே பொருத்தம்.

மாற்றங்கள் எல்லாம் கலைத் தாகத்தால் வந்தவையும் அல்ல. ஏழாம் பாகத்துக்கு எடுத்த காட்சிகள் நின்டெண்டோவின் கேட்ரிட்ஜில் அடங்காது என்பதால் ஸ்கொயர் சோனியின் பிளேஸ்டேஷனுக்குத் தாவியது. 1997இல் மூன்று சிடிகளில் வந்த அந்த ஆட்டம் ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. முதல் சிடி முடியும் இடத்தில் கதாநாயகிகளில் ஒருத்தியான ஏரித் கொல்லப்பட்டதை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அந்த வெற்றியின் தெம்பில் முழுநீளத் திரைப்படம் எடுத்து, 2001இல் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2003 ஏப்ரலில் ஸ்கொயரும் பழைய போட்டியாளரான எனிக்ஸும் ஒரே நிறுவனமாயின. சகாகுச்சி வெளியேறினார். பெற்றவர் போன பிறகும் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

பெரிய விபத்து நடந்தது பதினான்கில். 2010 செப்டம்பரில் இணையவழி ஆட்டமாக வெளிவந்தபோது அது ஊர்ந்தது. ஏன் என்று பார்த்தால், ஒரு பூந்தொட்டி! ஓரமாக நிற்கும் சாதாரணப் பூந்தொட்டியை வரைய, ஆட்டக்காரரின் உருவத்தை வரையத் தேவைப்படும் அளவுக்கே கணினி உழைக்க வேண்டியிருந்தது. படத்தின் அழகில் மயங்கி, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடமாடும் இடம் அது என்பதை மறந்திருந்தார்கள். மாதச் சந்தா வசூலிக்கவே நிறுவனத்துக்கு முகமில்லாமல் போனது. அந்த ஆண்டு டிசம்பரில், டிராகன் குவெஸ்ட் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த நவோகி யோஷிதாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. பழைய ஆட்டத்தைப் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டே, புதிய ஒன்றை அடியிலிருந்து கட்டுவது. பழையதை எப்படி மூடுவது? கதையிலேயே அழித்துவிட்டார். ஆட்டத்தின் வானத்தில் 'டாலமுட்' என்ற சிறு நிலா உண்டு. அது வாரத்துக்கு வாரம் பெரிதாகி, சிவந்து, கீழே இறங்கிவந்தது. 2012 நவம்பர் 11 அன்று சர்வர்களை மூடும்போது, அந்த நிலாவைப் பிளந்துகொண்டு பஹமுட் என்ற டிராகன் வெளிவந்து உலகத்தை எரிக்கும் காணொளியை வெளியிட்டார்கள். 2013 ஆகஸ்டில் திறந்த புதிய பதினான்கில் கதை ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. இடிபாடுகளுக்கு நடுவே பழைய ஆட்டக்காரர்கள் மீண்டும் நடந்தார்கள். 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் அதன் விற்பனையையே சில வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. தோற்ற சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. தோல்வியையே கதையாக்கிக் காசாக்கிய கதை இது ஒன்றுதான் என்று சொன்னாலும் மிகையில்லை.

அதே யோஷிதா தயாரித்த பதினாறாம் பாகம் 2023 ஜூன் 22 அன்று வெளிவந்தது. கட்டளைப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். கிளைவ் என்ற ஒரே வீரனை நேரடியாக இயக்கி, வெட்டி, குதித்து, விலக வேண்டும். சண்டையை வடிவமைத்தவர் 'டெவில் மே க்ரை 5'இல் பணியாற்றிய ரியோதா சுசுகி. கை வேகம் இல்லாதவர்களுக்காக, தானாகவே அடியிலிருந்து விலகிக்கொள்ள உதவும் மோதிரம் ஒன்றையும் வைத்தார்கள். இளைய தலைமுறைக்குக் கட்டளை கொடுத்துக் காத்திருக்கும் சண்டை ஒட்டவில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம்.

அந்த வாதம் ஆறு வாரம்தான் தாங்கியது. ஆகஸ்டு 3 அன்று பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', முறைவைத்து யோசித்து அடிக்கும் ஆட்டம். அந்த ஆண்டின் பெரிய விருதுகளை எல்லாம் அதுவே அள்ளியது. 2025 ஏப்ரலில் ஃபிரான்ஸிலிருந்து வந்த, அதேபோல முறைவைத்து அடிக்கும் 'கிளேர் அப்ஸ்க்யூர்', பழைய ஃபைனல் ஃபேன்டஸிகளுக்குத் தான் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே, பன்னிரண்டு நாளில் 20 லட்சம் பிரதிகள் விற்றது. தூக்கி எறிந்த சரக்கை அடுத்த வீட்டுக்காரர்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டார்கள்.

பதினேழாம் பாகம் எந்தப் பக்கம் சாயும் என்று ரசிகர்கள் இப்போதே அடித்துக்கொள்கிறார்கள். இதே நிறுவனத்தின் கூரைக்கடியில், ஏறக்குறைய எதையுமே மாற்றாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜெயித்துக்கொண்டிருக்கும் டிராகன் குவெஸ்ட்டை அடுத்த வாரம் பார்க்கலாம்.