கன்றுக்கு முட்டைக் கரு எதற்கு?

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் மாடு வளர்ப்போரிடையே ஒரு பழக்கம் உண்டு. பசு கன்று போட்டதும் சிலர் நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பாலைத் தொடமாட்டார்கள். கொடி விழ எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகலாம். மலைக்குளிரில் நனைந்து கிடக்கும் கன்று அவ்வளவு நேரமும் வெறும் வயிற்றோடு இருக்கும்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் தாயின் வயிற்றிலேயே கிடைத்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடியோ அவற்றைக் கன்றுக்குக் கடத்தாது. கன்றுக்குச் சீம்பால்தான் வழி. அந்தப் புரதங்களைக் குடல் அப்படியே இரத்தத்தில் சேர்ப்பதும் ஏறத்தாழ முதல் 24 மணி நேரம்தான். நேரம் போகப்போக அந்தத் திறன் குறைந்துகொண்டே வரும். 30 கிலோ கன்றுக்கு முதல் 12 மணி நேரத்தில் 3 லீட்டராவது கொடுக்க வேண்டும். முதல் தடவை, பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள். வேகவைத்துச் சீனி போட்டு அக்கம்பக்கத்து லயங்களுக்குக் கொடுப்பதெல்லாம் கன்று குடித்து மிஞ்சியதில் இருக்கட்டும்.

பசு சீம்பால் வழியாகக் கொடுப்பதைப் போல, கோழி தன் எதிர்ப்புச் சக்தியை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் பீலிக்ஸ் கிளெம்பெரர் 1893இலேயே இதைக் காட்டினார். கன்றுக்குக் கழிச்சல் தரும் கிருமியைச் செயலிழக்கச் செய்து கோழிக்கு ஊசியாகப் போட்டால், சில வாரங்களில் அதற்கான எதிர்ப்புப் புரதம் முட்டையில் வந்துவிடும். கோழியிடம் இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. கருவைப் பொடியாக்கிப் பாலில் கலந்தால் போதும். ஈ.கோலை கே99 என்ற கிருமி நுண்ணிய மயிர்களால் குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும்; கருப் புரதம் அந்த மயிர்களில் ஒட்டி அதைத் தடுக்கும். ஜப்பானியர் இதைக் கன்றுகளிலேயே சோதித்து 1992இல் வெளியிட்டார்கள். பின்னர் ரோட்டா வைரசுக்கு எதிராகவும் பலன் கண்டார்கள்.

ஆனால் முதல் நாளுக்குப் பிறகு இந்தப் புரதம் குடலுக்குள் நின்றுதான் வேலை செய்யும், இரத்தத்தில் சேராது. அதனால் தினமும் கொடுக்க வேண்டும், சீம்பாலையும் விடக்கூடாது. கொதிக்கும் பாலில் கலந்தால் கெட்டுவிடும், வெதுவெதுப்பே போதும். கடை முட்டையை உடைத்து ஊற்றுவது இதற்கு ஈடாகாது: அந்தக் கோழிக்கு இந்த ஊசி போட்டிருக்க மாட்டார்கள், பச்சை முட்டையில் சல்மொனெல்லாவும் வரக்கூடும்.

கழிச்சல் தொடங்கிவிட்டால் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புத்தான். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். உடனே படியாமல் மடிப்பாக நின்றாலோ கண் குழிவிழுந்தாலோ நீரிழப்புக்கான உப்புக்கரைசலைக் கொடுத்துக்கொண்டே கால்நடை வைத்தியருக்கு ஆளனுப்புங்கள்.